அரைமணி நேரம்

அந்த ஏசி மெக்கானிக்குக்கு முப்பது வருடமாக ஒரே அவசரம், வீட்டுக்குப் போக வேண்டும். பழைய மெஷினைக் கழற்றும்போது மிச்சமிருக்கும் கேஸை சிலிண்டரில் பிடிக்க அரைமணி நேரம் ஆகும். "அந்த எழவுக்கு எவன் உக்கார்றது? என் பொண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா" என்று வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிடுவார்.

போன கோடையில், தகரக் கூரைக்குக் கீழே, வெக்கை தாங்காமல் அவள் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்: அந்த கேஸ் ஒரு கிலோ, ஆயிரம் கிலோ கரியமில வாயுவைவிட அதிகமாக உலகத்தைச் சூடாக்குமாம்.

இப்போதெல்லாம் கேஸ் முழுக்க சிலிண்டருக்குள் போய் மீட்டர் முள் பூஜ்யத்தைத் தொடும்வரை இடத்தைவிட்டு அசைவதில்லை.

"போதும்ணே, வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார் கூட வேலை செய்பவர்.

முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "சீக்கிரம் போய் யாரைப்பா பாக்கப்போறேன்?"