அப்பாவின் கை நடுங்கவில்லை

பதினாறாம் வாய்ப்பாடு பிடிபடுவதற்கு முன்பே, சால்புட்டமால் என்ற ஆஸ்துமா மருந்தின் பக்க விளைவுகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. காரணம் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வில்லாபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஞாயிறு முழுக்க மருந்தியல்தான். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலை சீவிக்கொண்டே ஒப்பிப்பாள். இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு மேல் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருப்பாள். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். மருந்து அதைத் தளர்த்தும். பக்க விளைவு: கை நடுக்கம், படபடப்பு, தலைவலி. ஒன்றை விட்டுவிட்டால் நான் உரக்கச் சொல்லுவேன். ஐந்தாம் வகுப்புக்காரிக்கு அது பெரிய அதிகாரம்.

அப்பாவுக்கு இழுப்பு இருந்தது. மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டைகளை எடை போடும் வேலை அவருக்கு. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்து, கேப்ஸ்யூல் அட்டைகளும் ஒரு மிஷினும் வாங்கி வந்திருந்தார். சித்தியின் நோட்டில் இருந்த அதே சால்புட்டமால்தான் அட்டையிலும் போட்டிருந்தது. மிஷின் என்று நாங்கள் சொன்னது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் குழல். அதை உபயோகிக்கும் விதத்தை அங்கே ஒரு பெண் வேகமாகச் சொல்லியிருக்கிறாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். டிவி ரிமோட்டின் பாலிதீன் உறையைக்கூடக் கழற்றாத வீடு எங்களுடையது. அம்மா மிஷினை அட்டைப் பெட்டியோடு ஷோகேஸில் வைத்துப் பூட்டினாள். ரொம்ப முடியாமல் போனால் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கேப்ஸ்யூலை மட்டும் அப்பா காலையிலும் ராத்திரியிலும் சாப்பிட்டதும் போட்டுக்கொள்வார். ஒரு வேளை தவறியதில்லை. இழுப்பும் தவறியதில்லை.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கோபக்காரர் அல்ல. ஆனால் ஒரு பொருளை வைத்து யாராவது சிரித்துவிட்டால், பிறகு அந்தப் பொருளைத் தொடமாட்டார். புதிதாக வாங்கிய டச் போனை அவர் தலைகீழாகக் காதில் வைத்துப் பேசியதை என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஒரு கல்யாணப் பந்தியில் நடித்துக் காட்டினார். மறுநாளே அந்த போன் அம்மாவிடம் போயிற்று. அப்பா பழைய பட்டன் போனுக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டில் இருந்த கை நடுக்கத்தை நேரில் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. காலையில் அப்பா கேப்ஸ்யூல் போட்டதும் கையை நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு தாளை விரித்து வைத்தேன். காற்றில் அசையக் கூடாது என்று ஃபேனையும் நிறுத்தினேன். பத்து நிமிடம் ஆயிற்று. தாள் அப்படியே கிடந்தது.

"போதுமா டீச்சர்?" என்றார் அப்பா. மண்டிக்குக் கணக்கப்பிள்ளையைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது அவருக்கு.

நான் நேராகச் சித்தியிடம் போனேன். "சித்தி, ஒன் நோட்டு தப்பு. அப்பாவுக்கு நடுங்கவே இல்ல."

"எல்லாருக்கும் நடுங்காதுடி. இருந்தாலும் லேசாத்தான் இருக்கும்."

"லேசாக்கூட இல்ல. முழுங்குன ஒடனே பிடிச்சுப் பாத்தேன்."

தலையில் சீப்பு நின்றது. "என்னது, முழுங்குனாரா?"

"ஆமா. தண்ணி குடிச்சு."

சித்தி எழுந்துபோய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். பிறகு ஷோகேஸைத் திறந்தாள். மிஷின் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப் கிழியாமல் இருந்தது.

"இது வயித்துக்குப் போற மருந்து இல்லடி. துளியூண்டு பொடி. இதுக்குள்ள போட்டுத் திருகினா கேப்ஸ்யூல் ரெண்டாப் பிரியும். பொடிய வாயால உறிஞ்சி நெஞ்சுக்குள்ள இழுக்கணும்."

"அப்ப முழுங்குனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு மாசமா ஒண்ணுமே ஆகல. அதான் வம்பே."

மத்தியானம் மாமா கறி வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா அடுப்படியில் வத்தலை எண்ணெயில் போட்டாள். நெடி கூடம் வரைக்கும் வந்தது. எல்லோருக்கும் இருமல் வந்து நின்றது. அப்பாவுக்கு மட்டும் நிற்கவில்லை. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

"என்ன மாப்ள, மூட்டை மூட்டையா வத்தலப் பாக்குற ஆளு, நாலு வத்தலுக்கே இம்புட்டு ஆட்டமா?" என்றார் மாமா.

அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "கேப்ஸ்யூல்... எடு" என்றார். அம்மா அட்டையும் தண்ணீர்ச் செம்புமாக ஓடி வந்தாள். சித்தி குறுக்கே வந்து செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். அவள் கையில் மிஷின் இருந்தது.

"மச்சான், முழுங்காதீங்க. இப்ப மொறைய மாத்திட்டாங்க. போன வாரந்தான் காலேசுல சொன்னாங்க. இனிமே இத உறிஞ்சித்தான் எடுக்கணுமாம்."

நோட்டைச் சரிபார்க்கிறவள் நான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "முன்னாடியும் அப்படித்தான சித்தி? முழுங்குனா ஒண்ணுமே ஆகாதுன்னு நீதான..."

கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன, என்ன? என்னத்த முழுங்குனாராம் மாப்ள?"

அப்பா என்னைப் பார்த்தார். சித்தியின் கையிலிருந்த குழலைப் பார்த்தார். சித்தியின் முகத்தில் வியர்த்திருந்தது.

"பழைய மொற... அது" என்றார் அப்பா, ஒவ்வொரு வார்த்தையாக. "சின்னப் புள்ளைக்கு... என்ன தெரியும். புதுசு எப்படின்னு... நீ சொல்லு நர்சம்மா."

கையை நீட்டினார்.

"அண்ணே, இதுல அடங்கலேன்னா ஆஸ்பத்திரிதான். நீ போயி ஒரு ஆட்டோ கூட்டியா" என்று சித்தி மாமாவைக் கிளப்பிவிட்டாள். அப்புறம் ஒரு கேப்ஸ்யூலைப் போட்டுக் குழலைத் திருகி அப்பாவிடம் கொடுத்தாள். "மூச்ச வெளிய விடுங்க. அதுக்குள்ள ஊதிறாதீங்க. இப்ப ஒதட்ட இறுக்கி ஒரே இழுப்பா இழுங்க. அப்படியே நிப்பாட்டுங்க, பத்து எண்ணுறேன்."

முதல் தடவை நாலில் இருமிவிட்டார். அடுத்த இழுப்பில் பத்து வரைக்கும் போனார். வாயைக் கொப்புளிக்கச் சொன்னாள். ஆட்டோ வந்தபோது தோள்கள் இறங்கியிருந்தன. ஆனாலும் சித்தி விடவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் திரும்பினார்கள்.

மிஷின் அதற்குப் பிறகு ஷோகேஸுக்குப் போகவில்லை. அப்பாவின் சட்டைப் பையிலேயே கிடந்து, கொஞ்ச நாளில் பளபளப்பும் போய்விட்டது. மாமா வரும்போதெல்லாம் அப்பா அவர் கண்முன்னாலேயே அதைத் திருகி, "இப்ப மொறைய மாத்திட்டாங்க" என்று விளக்கம் சொல்லுவார். மாமாவும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்.

சித்தி சொன்னது பொய் என்பது வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மண்டியில் ஒரு கிலோ குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும் மனுஷர், இவ்வளவு சுலபமாக ஏமாந்துபோனாரே என்று அப்பாவின்மேல் எனக்கு ரொம்ப நாள் பரிதாபமாக இருந்தது.