மணல்மேட்டில் பெண் பார்த்த கதை

என்னைப் பெண் பார்க்க வந்தது ஒரு பாலைவனத்தில. சிரிக்காதேங்கோ, ஜேர்மனியிலதான். பீலெஃபெல்டுக்குத் தெற்கால மணல் அள்ளி முடிச்சு, சும்மா விட்டுப்போன வெளியொண்டு இருந்தது. புல்லுப் பூண்டு கிடையாது. பார்க்கிற பக்கமெல்லாம் மணல்மேடுகள். எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை, வெயிலெண்டால் வெயில்.

ஏன் அங்க போனதெண்டால், அந்த நாளில அகதியாப் பதிஞ்ச ஆக்கள் தங்கட மாவட்டத்தை விட்டு வெளிக்கிடேலாது. பிடிபட்டால் தண்டம், அகதிக் கேசுக்கும் கூடாது. நாங்கள் பீலெஃபெல்ட், மாப்பிள்ளை பக்கத்து மாவட்டம். அனுமதிக்கு ஒரு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் குடுக்கலாம்தான். ஆனால் 'பெண் பார்க்க' எண்டு காரணம் எழுதினால் கந்தோரில இருக்கிற ஜேர்மன்காரர் என்னத்தை விளங்கப்போறார்? கடைசியில அண்ணைதான் வழி கண்டுபிடிச்சார். இரண்டு மாவட்டத்துக்குமான எல்லை அந்த மணல்மேடுகளுக்கு மேலாலதான் போகுதாம். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கத்தால ஏறட்டும், நாங்கள் இந்தப் பக்கத்தால ஏறுவம், ஆக உயரமான மேட்டில சந்திப்பம், சட்டத்தையும் மீறேல்லை, சம்பிரதாயத்தையும் விடேல்லை எண்டார். தன்ர மூளையைத் தானே மெச்சிக்கொண்டு திரிஞ்சார்.

எனக்கு இந்தக் கலியாணத்தில துளியும் விருப்பமில்லை. ஆளில குறையெண்டில்லை, ஆளைத் தெரியவே தெரியாது. ஊரில இரண்டு வீட்டுப் பெரியாக்களும் பேசி முடிச்சிட்டினம். என்னை ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேட்கேல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் வேண்டாமெண்டால், வெளிநாட்டுக்குப் போனவுடன இவளுக்கு வாய் நீண்டிட்டுது எண்டு ஊர் கதைக்கும், அம்மாவுக்குக் கோயிலில தலைகாட்டேலாது. அதால மாப்பிள்ளையில ஏதாவது ஒரு பிழையைக் கண்டுபிடிச்சு, அதைச் சாட்டித் தப்புறதெண்டு முடிவெடுத்திருந்தன்.

அண்ணி பட்டுச்சீலைதான் உடுக்கவேணுமெண்டு ஒரே பிடி. காலில மட்டும் சப்பாத்து. அவ வடைச்சட்டி, அண்ணை தேத்தண்ணிப் போத்தல், நான் சீலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஏறினம். மணலில ஒரு அடி வைச்சால் அரை அடி வழுக்கும். நாலு காலில தவண்டு உச்சிக்குப் போனால், அங்க ஒரு காகமும் இல்லை.

எங்கட பக்கத்தால பார்க்க இந்த மேடு உயரம். அவையின்ர பக்கத்தால பார்க்க வேறையொண்டு உயரம். தூரத்தில ரெண்டு பேர் நிண்டு கைலேஞ்சியை ஆட்டிச்சினம். சரியெண்டு இறங்கி, நடுவில இருந்த ரெண்டு சின்ன மேட்டையும் ஏறி இறங்கி, அவையின்ர மேட்டில ஏறிப் பார்த்தால், அவை எங்கட மேட்டில நிக்கினம்! எங்களைத் தேடி அவையும் மற்றப் பக்கத்தால சுத்திப் போயிருக்கினம். அண்ணி வடைச்சட்டியை மடியில வைச்சுக்கொண்டு மணலில குந்தியிருந்து சிரிச்சா. எனக்கும் கோவத்தை மீறிச் சிரிப்பு வந்திட்டுது. அண்ணைக்கு மட்டும் முகம் வெளிறிப்போச்சு. இப்ப நாங்கள் எந்த மாவட்டத்தில நிக்கிறமெண்டு அவருக்கே தெரியேல்லை.

அதில நில்லுங்கோ எண்டு கத்திப்போட்டு மாப்பிள்ளைதான் ஓடிவந்தார், தன்ர அக்காவின்ர புருசனோட. வெள்ளைச் சேர்ட்டு, கழுத்தில ரை, தலையெல்லாம் மணல். உச்சிக்குக் கிட்ட வந்து சறுக்கி அடிவரைக்கும் போய், திரும்ப ஏறினார். பிழை பிடிக்க வந்தவளுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனால் அவர் தன்னைப் பார்த்துத் தானே சிரிச்சுக்கொண்டு வந்ததால அதைக் கணக்கில எடுக்க மனம் வரேல்லை.

அண்ணை மற்றவரைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கல் தேடப் போனார். அண்ணி அங்கால திரும்பி வடையில மணல் தட்டினா. மாப்பிள்ளை சப்பாத்தைக் கழட்டி மணலைக் கொட்டினபடி, என்னை நிமிர்ந்து பார்க்காமல் மெல்லமாச் சொன்னார்:

"உங்களிட்ட ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். அதான் நான் கேக்கிறன். விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ. எனக்குத்தான் பிடிக்கேல்லையெண்டு நான் சொல்லிவிடுறன். உங்களில ஒரு பழியும் வராது."

இவ்வளவு நாளா நான் தேடின சாக்கை அந்த மனிசன் தானாவே தூக்கி என்ர கையில தந்திட்டார். இனி எனக்குப் பயப்பிட ஒண்டுமில்லை. அப்பதான் அவரின்ர முகத்தை வடிவாப் பார்த்தன். நான் பதில் சொல்ல முதல் அண்ணை வந்திட்டார். எல்லைக்கல் கிடைக்கேல்லையாம். பொலிஸ் வரமுன்னம் போவம், வீட்ட போய் யோசிச்சு முறையாப் பதில் சொல்லுறம் எண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லத் துவங்கினார். நான் இடையில விழுந்தன்.

"அண்ணை, இவர் பீலெஃபெல்டுக்கு மாறி வாறதெண்டால் அந்த அன்ட்ராக் எங்க குடுக்கிறது?"

அண்ணைக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மாப்பிள்ளைக்கு உடன விளங்கிட்டுது.