சமையலறையின் சார்ஜ் லிஸ்ட்

2025 நவம்பர் 12, புதன்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. அடையாறு மருத்துவமனை ஒன்றுக்குப் போக வாசலில் ஆட்டோ நின்றது. மறுநாள் என் மனைவிக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. கிளம்பும் நேரத்தில் நான் ஒரு தாளை நீட்டி அவளிடம் கையெழுத்துக் கேட்டேன்.

முப்பத்து நான்கு வருடம் அரசாங்க வேலை பார்த்தவன் நான். பதினோரு மாற்றல். ஒவ்வொரு முறையும் போகிறவர் நாற்காலி, பூட்டு, சாவி வரை எண்ணிப் பட்டியல் எழுதுவார், வருகிறவர் சரிபார்ப்பார், இருவரும் கையெழுத்திட்டால்தான் சார்ஜ் கைமாறும். எங்கள் மயிலாப்பூர் வீட்டுச் சமையலறைக்கும் நாற்பத்தேழு உருப்படிகளோடு அப்படி ஒன்று எழுதியிருந்தேன். எது தொலைந்தாலும் பின்னால் பேச்சு வரக் கூடாதே என்ற கவலைதான்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள்.

"ஏன்னா, நான் ஆபரேஷனுக்குப் போறேனா, ரிட்டயர் ஆறேனா?"

"சும்மா ஒரு ஃபார்மாலிடி. போடேன்."

போட்டாள். தாளை மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

மருத்துவமனையில் ஐந்து நாள். சார்ஜ் என்ற சொல்லை எத்தனை விதமாகக் கேட்டேன் என்று டைரியில் குறித்தேன். முதலில் ஆட்டோக்காரர்: "நீ கையெழுத்து வாங்கிக்கினு இருந்தியே சார், அதுக்கு வெயிட்டிங் சார்ஜ் முப்பது குடு." நர்ஸிடம் எதைக் கேட்டாலும் "இன்சார்ஜ் சிஸ்டர் வரட்டும் சார்." பக்கத்துப் படுக்கைக்காரியின் மகன், சுவரில் இருந்த ஒரே பிளக்கைத் தன் போன் சார்ஜுக்குப் பிடித்துவைத்துக்கொண்டு நகரவே மாட்டான். தொலைக்காட்சியில் எங்கோ லத்தி சார்ஜ். எனக்கு ஒருமுறை வந்த சார்ஜ் மெமோவும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. நான் கையெழுத்திட்டு வாங்கிய பட்டியலில் ஒரு மேஜை விசிறி இருந்தது, அறையில் இல்லை. ஆறாவது, டிஸ்சார்ஜ். அந்த ஒன்றுக்காகத்தான் அங்கே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் நடக்க மறுத்தாள். வாக்கரைப் பிடித்துக் குளியலறை வரை போவாள், அவ்வளவுதான். பிசியோதெரபி செய்ய வந்த பெண் தினமும் கெஞ்சினாள்.

"கிச்சன் வரைக்கும் போய்ட்டு வாங்கம்மா."

"எனக்கு அங்க என்ன வேலை? சார்ஜ் குடுத்தாச்சு. அப்புறம் அந்த ரூமுக்குள்ள போகப்படாது. மாமாவையே கேளு."

அந்தப் பெண் என்னை வாசலுக்கு அழைத்து, "இப்ப நடக்கலைன்னா முட்டி இறுகிடும் சார். அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்றாள். சார்ஜ் கொடுத்துவிட்டுப் போகிறவர் அந்த நாற்காலிக்குத் திரும்புவதில்லை. முப்பத்து நான்கு வருடம் பார்த்த எனக்கு, அந்தத் தாளை நீட்டும்போது மட்டும் அது தோன்றவில்லை. அவள் எதிரிலேயே பட்டியலைக் கிழித்தேன்.

"காப்பி வெச்சிருப்பேளே" என்றாள். வைத்திருந்தேன், இரண்டு நகல்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் காலை ரசம் வைக்கப் போனேன். ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, புளியைக் கரைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் சொம்பின் அடிப்பாகம் உருகி பர்னரில் வழிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். பிறகு கூடத்துக்குப் போனேன். பிசியோ பெண் அவள் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"உருப்படி பதினேழு, ஈயச்சொம்பு. குறையறது."

"குறையறதுன்னா?"

"உருகிடுத்து."

"காலிச் சொம்பையா ஏத்தினேள்?"

புளிக் கையை வேட்டியில் துடைத்தேன்.

"மத்ததெல்லாம்?"

"நாப்பத்தாறும் சரியா இருக்கு."

"யார் எண்ணினா? நீங்கதானே" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "அந்த வாக்கரை இப்படித் தள்ளுடீ."

கூடத்திலிருந்து சமையலறைக்கு இருபத்திரண்டு அடி. பதினான்காவதில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். மனைவி மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் பட்டியலின் நகலை வைத்துப் படித்தேன். அவள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். துவரம்பருப்பு டப்பாவில் கடலைப்பருப்பு. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் மிளகும் கலந்து கிடந்தன. ஜல்லிக்கரண்டியைக் காணோம், அது குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது.

"அம்மா, கால் வலிக்குதா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"வலிக்காம? பேனா குடு."

என் கையெழுத்துக்குக் கீழே 'ஒன்று நீங்கலாகத் திரும்பப் பெற்றேன்' என்று எழுதித் தேதி போட்டாள். மறுநாள் காலை நான் எழுந்தபோது வாக்கர் சமையலறை வாசலில் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, புதுச் சொம்பைத் தானே பார்த்து எடுக்க வேண்டும் என்று குளக்கரைப் பாத்திரக்கடைக்கு என்னோடு வந்தாள். கடையின் இரண்டு படியையும் என் தோளைப் பிடிக்காமல் ஏறினாள். ஈயச்சொம்பு இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது, போக வர ஆட்டோ நூற்று அறுபது. ஆக மொத்தம் மூவாயிரத்துப் பத்து ரூபாய்.