கேட்காமல் கொடுத்த மாத்திரை

1

செத்துப்போனவர் பெயரில் ஒரு சீட்டு என் கவுன்டருக்கு வந்தது. ஆடி மாதம், மத்தியானம் இரண்டரை மணி.  அது எப்படி என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிம்மக்கல்லில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான் ஃபார்மசிஸ்ட். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரை நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு டாக்டர் சீட்டு கட்டாயம். கவுன்டரில் பெண் நிற்பதைப் பார்த்ததும் பாதிப் பேர் ஒரு இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஏம்மா, சீட்டு இருந்தா குடு. ஒண்ணும் கேக்காத. ஆம்பளைக்குக் கூச்சமாப் போச்சுன்னா அடுத்த கடைக்குப் போயிருவான்." உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. கேட்க எனக்கும் வெட்கம்.

தவமணி என்று ஒருவர் வருவார். வயது ஐம்பத்திரண்டு, சீட்டில் இருந்ததால் தெரியும். அவர் குரலை நான் கேட்டதே இல்லை. சீட்டைக் கவுன்டர் கண்ணாடி மேல் வைத்து, இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டுவார். நான் சீட்டின் பின்புறம் ஒரு டிக் போட்டுத் தேதி எழுதி, மாத்திரையைக் காகித உறையில் போட்டு, சீட்டோடு திருப்பிக் கொடுப்பேன். கோயிலில் விபூதி வாங்குவது போல அவ்வளவு அமைதி.

ஒரு அக்காவும் மாதாமாதம் வரும். தீர்ந்துபோன அட்டையைக் காட்டி, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வாங்கும். "எங்க வீட்டுக்காரவுகளுக்கு" என்று மட்டும் சொல்லும். அட்டையில் ஆள் பெயர் இருக்காது. அதற்கும் சீட்டு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

2

ஒரு நாள் எதிர்ச்சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். தவமணியின் முகம். அந்தக் கண்கள் நேராக என் கவுன்டரைப் பார்த்தன. ஊசி மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜ் பக்கம் நகர்ந்து நின்றேன், அங்கேயும் பார்த்தன. போட்டோவில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அக்கா வந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. மிச்சமிருந்த நெஞ்சுவலி அட்டைகளைக் கண்ணாடி மேல் வைத்தது.

"இதத் திருப்பி எடுத்துக்குவீகளா தாயி? இனிமே வேணாம்."

"என்னக்கா ஆச்சு?"

"அந்தா ஒட்டியிருக்காகளே, அவுகதான். அன்னைக்குச் சாயங்காலம் நெஞ்சு அடைக்குதுன்னாக. நாக்குக்கடியில ஒண்ணு வச்சு விட்டேன். தலை சுத்துதுன்னாக, வேர்த்துக் கொட்டுச்சு. பயந்துபோயி இன்னொண்ணு வச்சேன். அம்புட்டுத்தான், சாஞ்சிட்டாக."

எந்தக் கிழமை என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றது. அந்த வெள்ளி மத்தியானம்தான் தவமணி என்னிடம் வந்து இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மாத்திரையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். காலேஜில் படித்த பாடம் இது. கணவனுக்கு ஒன்று, மனைவி கையில் ஒன்று என்று இரண்டையும் இந்தக் கண்ணாடி மேல் வைத்துக் கொடுத்தது நான். அந்த அக்காவிடம் என்ன சொல்வது? நீ வைத்த மாத்திரையால் இருக்கலாம் என்றா? அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டேன்.  

3

இப்போது அந்த ஆடி மத்தியானம். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. தெருவில் காற்றைத் தவிர யாரும் இல்லை. நான் குனிந்து ரேக்கில் ஸ்ட்ரிப் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

டொக், டொக்.

நிமிர்ந்தேன். கண்ணாடி மேல் தவமணி சீட்டு. மேலே தவமணி முகம். அதே மூக்கு, அதே மீசை. அவர் தோளுக்குப் பின்னால் போஸ்டரைப் பார்த்தேன். காற்று அதைக் கிழித்திருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் சுவர் தெரிந்தது.

அந்தச் சீட்டுக்கு நான் முதல் தடவையாக வாய் திறந்தேன். "இது யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

"உங்க பேரு?"

"அதுலதான் இருக்கே."

சொல்லிவிட்டு அவர் நெஞ்சைப் பிடித்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். "வெயில்ல நடந்தா இப்பிடித்தான்" என்றார். மனுஷன்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன்.

"அண்ணே, தவமணி அண்ணனுக்கு நீங்க தம்பியா?"

தலையைக் குனிந்துகொண்டார். "டாக்டர்ட்டப் போயிச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. ஒரே ரெத்தம்தான, அண்ணனுக்கு எழுதுனது எனக்குச் சேராதான்னு எடுத்தாந்தேன்."

"இப்ப நாக்குக்கடியில வச்சீகளே, அதுவும் இதுவும் சேரவே கூடாதுண்ணே. சேந்தா விழுந்தவுக எந்திரிக்க மாட்டாக. உங்க நெஞ்சு டாக்டர்ட்டயே வெக்கப்படாமச் சொல்லுங்க. அவரு வேற வழி சொல்லுவாரு."

 அவர் மெதுவாகத் திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"எங்கண்ணனும் ரெண்டும் போட்டுச்சே."

"ஆமாண்ணே."

"அது ஒங்களுக்குத் தெரியுமா?"

"அப்பத் தெரியாது. நான் கேக்கல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். சீட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். "அண்ணன்தான் சொல்லுச்சு. அந்தக் கடைக்குப் போடா, ரெண்டு தட்டுத் தட்டு, அந்தம்மா ரொம்ப நல்லவுக, ஒண்ணுமே கேக்க மாட்டாகன்னு."

மறுநாளிலிருந்து ஒருவர் விடாமல் கேட்டேன். நெஞ்சுவலிக்கு மாத்திரை போடுகிறீர்களா? வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்? சீட்டு உங்களுடையதுதானா? இதைப் போட்ட பிறகு நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் எதையும் வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், போனதும் இதைப் போட்டதை முதலில் சொல்லுங்கள் என்றேன். முதலாளி கத்தினார், கஸ்டமர் போகிறார்கள் என்று. போகட்டும் சார், உயிரோடுதானே போகிறார்கள் என்றேன்.

கவுன்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: கேளுங்கள். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்புறம் ஏழு டிக். ஏழும் நான் போட்டது.