கொலுப்படியில் ஒரு ஜப்பான் பொம்மை

வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது கொலுவில் சேர்ப்பது எங்கள் வழக்கம். இந்த வருடம் வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஜப்பான்காரம்மா ஒரு மரப்பொம்மை கொடுத்தார். கை, கால் கிடையாது. உருண்டைத் தலை, உருளை உடம்பு, அதில் சிவப்புப் பூ. தலையைத் திருகினால் கீச்சென்று சத்தம் வரும். இதுவும் மரம்தானே என்று மரப்பாச்சிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், மாசி என்ற இன்னொரு பகுதியிலிருந்து தாம்பூலத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து அக்கா அதைப் பார்த்ததும் சுண்டல் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“இதையோ கொலுவில வச்சிருக்கிறீங்கள்? செத்துப்போன பிள்ளையளை நினைச்சுச் செய்யிற பொம்மையெண்டு என்னோட வேலை செய்யிற ஒராள் கதைச்சவ.”

போன வருடம் என் மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இப்போது மறுபடி ஆறு மாதம். வெள்ளிக்கிழமை கொலு பார்க்க வருகிறாள்.

எடுத்துவிடலாம் என்றால், கலசம் வைத்த பிறகு விஜயதசமி வரை படியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அம்பாளிடம் கேட்டேன். பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“அம்பாள் என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல.”

“அவளே சொல்லாதப்ப நான் என்னத்தைச் சொல்றது?” என்று டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் ஜப்பான்காரம்மா துணி உலர்த்தும்போது வேலியோரம் போய் விசாரித்தேன். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ். அவர் ஊர்ப் பக்கம் மலையில் வெந்நீர் ஊற்றுகள் உண்டாம். குளிக்க வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு விளையாட வாங்கிப்போன பொம்மையாம் இது. கிண்ணம் கடைகிறவர்களே இதையும் கடைவார்களாம். கடைசல் பட்டறையில் மரம் சுழலும்போதே தூரிகையை வைத்து வளையம் போடுவார்களாம். முகத்தைப் பார்த்தே எந்த ஊர்ப் பொம்மை என்று சொல்லிவிடலாமாம்.

தயங்கித் தயங்கி அந்தக் கதையைக் கேட்டேன்.

“அப்படியும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை” என்றார்.

இல்லை என்றிருந்தால் நிம்மதி. ஆமாம் என்றிருந்தால் ஏதாவது பரிகாரம் செய்திருப்பேன். இதற்கு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை காலையில் செட்டியார் பொம்மையை நகர்த்தி அதை மறைத்தேன். நகர்த்தலாமா என்பதும் தெரியவில்லை.

மகள் வந்தாள். கொலுவைப் பார்த்துக்கொண்டே வந்தவள், செட்டியாருக்குப் பின்னால் விரலை விட்டு அந்தத் தலையைத் திருகினாள். கீச்சென்றது.

“ஏம்மா இதை ஒளிச்சு வச்சிருக்க?”

“ஒளிக்கல. இடம் பத்தல.”

“அந்தக் கதை எனக்குத் தெரியும்மா. நீ போட்டோ அனுப்பின அன்னைக்கே தேடிப் பார்த்தேன். நிஜமா பொய்யான்னு யாருக்கும் தெரியலையாம்.”

“எடுத்துடட்டுமா?” என்றேன், எடுக்கக் கூடாது என்பதையே மறந்து.

“வேணாம். போன பிள்ளையப் பத்தி இந்த வீட்டில யாரும் பேசுறதே இல்ல. இதாவது இங்க நிக்கட்டும்.”

செட்டியாரை அவளே பழைய இடத்துக்குத் தள்ளினாள். ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்த எனக்கு யாருக்காக வேண்டிக்கொள்வது என்று புரியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே சுற்றினேன். அப்படிச் செய்யலாமா என்று இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.