இருபது நாள் ஜாடிகள்

ஜெசிந்தா அக்கா நல்லவள்தான். ஆனால் நல்லவள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அவளுக்கே பிடிக்காது. படாளத்தில் எங்களுக்கு எதிர்வீடு. பாலசுப்ரமணியனைப் பழிவாங்கிய கதையைக் கேட்டால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கும் அந்தக் கதைதான் பிடிக்கும்.

நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பது வருடம் துப்புரவு வேலை பார்த்தாள். கழிவறைக்கு ஆசிட், தரைக்கு ஃபினாயில். உள்ளங்கை தோல் உரிந்து, சர்ச்சில் ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டவே கூச்சப்படுவாள். அங்கே ஒரு வீட்டில் எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் கரைசலால் தரை துடைப்பதைப் பார்த்தாள். தானும் போட்டாள். நான்கு முறை அழுகி நாறியது. ஐந்தாவது முறை பழுத்துத் தெளிந்து, கறையும் போனது, கையும் ஆறியது.

அதற்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். முதல் மாதம் முழுக்கப் பொங்கிக்கொண்டே இருக்கும்; தினமும் மூடியைத் திறந்து காற்றைப் போக்க வேண்டும். கல்யாணமோ சாவோ, காலை ஜெபம் முடிந்ததும் அக்கா போய் மூடிகளைத் திறந்துவிட்டுத்தான் காபி குடிப்பாள். தோலுக்குப் பஞ்சமில்லை. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் பானுமதி, மீனவக் குப்பத்துக்காரி, அங்கே சமையலறையில் எறிவதையெல்லாம் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்.

பாலசுப்ரமணியன் அந்த நாவலூர் குடியிருப்பில் வீடு வைத்திருந்தவர். பிளாஸ்டிக் இல்லாத வீடு என்று ஊரே பேசத் தொடங்கியதும் கடை திறந்தார். அக்காவின் வீட்டிலேயே ஊறப்போடச் சொல்லிப் பன்னிரண்டு பீங்கான் ஜாடி வாங்கிக் கொடுத்தார். அவள் செய்ததைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, தன் மனைவியின் படத்தை ஒட்டி, ‘எங்கள் பரம்பரைப் பக்குவம்’ என்று அச்சடித்து விற்றார்.

"பரம்பரையாம். எங்க பரம்பரைல தொடைக்கிறதுக்குத் தரையே கெடையாது," என்று அக்கா அப்போது சிரித்துவிட்டுத்தான் விட்டாள். வேலை நடக்கிறதே என்று பொறுத்தாள். இளிச்சவாயாக இருந்தாள் என்றே நான் சொல்வேன்.

பிறகு பானுமதியின் ரிசார்ட்டிலேயே ஆசிட், ஃபினாயில் வரும் பிளாஸ்டிக் கேன்களை ஒழிப்பது என்று முடிவானது. மேனேஜர் செல்வராஜிடம் அக்காவின் கரைசலைக் கொண்டுபோய்க் காட்டியதே பானுமதிதான். அவருக்குப் பிடித்துவிட்டது, செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பேச்சுவார்த்தைக்குப் போன பாலசுப்ரமணியன் திரும்பி வந்தது ஒரு வேனோடும் இரண்டு ஆட்களோடும்.

"உங்க தெருவைக் காட்டினா ஆர்டர் போயிடும் ஜெசிந்தா. தப்பா எடுத்துக்காத. இனிமே நாவலூர்லயே போட்டுக்கறோம். ஜாடியெல்லாம் என்னோடதுதானே?"

உங்க தெரு என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாகக் கேட்ட வார்த்தை. அக்காவுக்கு முகம் கறுத்தது. ஆட்கள் பன்னிரண்டு ஜாடியையும் தூக்கினார்கள். அதில் நான்குதான் பழுத்தது. மீதி எட்டும் இருபது நாள் ஜாடி, உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. இப்போது பாட்டிலில் அடைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. வேன் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன், எனக்கும் தெரியும், நானும் சொல்லவில்லை.

அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பானுமதி போன் செய்தாள்.

"அக்கா, உன் தண்ணி பாட்டில்ல வந்துகீது. நூத்தி அறுபது. மூடியெல்லாம் உப்பிகினு கீதுக்கா. விடியக்காத்தால ஒண்ணு வெடிச்சி ஸ்டோர் ரூம் பூரா கண்ணாடி."

அக்கா சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டுக்குக் கேட்டது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "யாரு பெருக்கறது?"

"சிநேகாவ போவச் சொல்லிகீறாரு மேனேஜரு. புதுசா வந்த பொண்ணுக்கா. பாலு சாருக்குப் போன் போட்டா, வெயில் சூடு, ஒண்ணும் ஆவாதுன்றாராம்."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பாலசுப்ரமணியனுக்கு வைத்த கண்ணி, துடைப்பத்தோடு போகிற ஒரு பெண்ணின் முகத்தில் வெடிக்கப் போகிறது. இதை அவள் யோசித்திருக்கவில்லை.

"ரூம பூட்டு. சாவிய இடுப்புல சொருவிக்கோ. எவன் கேட்டாலும் குடுக்காத. நான் வந்துகினே கீறேன்."

செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு பஸ் மாறிப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ரிசார்ட்டில் செல்வராஜ் கோபமாக நின்றிருந்தார். பானுமதி சாவி தரவில்லை.

"சார், இது வெடிக்கற சரக்கு," என்றாள் அக்கா. "நான் தொறந்து தரேன். ஆனா பாலு சாரு வரணும். அவரு முன்னாலதான் தொறப்பேன்."

எப்படித் திறப்பது என்று போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம், அவர் மானம் தப்பியிருக்கும். அதற்காகத்தான் அவள் போனில் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் காரில் வந்து இறங்கினார். அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செல்வராஜைப் பார்த்துச் சிரித்தார். "நம்மகிட்ட பாட்டில் கழுவுற பொம்பளை சார். இவ பேச்சைக் கேட்டா பயந்தீங்க?"

அக்கா பானுமதியிடம் சாவி வாங்கி அறையைத் திறந்தாள். நனைத்த சாக்கை பாட்டில் மேல் போர்த்தி, சாக்கோடு சேர்த்து மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று சீறி, நுரை பொங்கி, புளித்த நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. அடுத்தது. அதற்கடுத்தது. பழுத்த ஜாடியிலிருந்து வந்தது சும்மா இருந்தது, மற்றதெல்லாம் சீறியது. சமையல்காரர்கள் கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். நூற்றைம்பத்தொன்பதையும் அவளே திறந்தாள். வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

செல்வராஜ் பாலசுப்ரமணியன் பக்கம் திரும்பினார். "உங்க பரம்பரைப் பக்குவம்னுதான் போட்டிருக்கு. எத்தனை நாள் ஊறணும் இது?"

அவர் அக்காவைப் பார்த்தார். பின்னாலேயே நகர்ந்து வந்து, காதோடு சொன்னார்: "சொல்லேன் ஜெசிந்தா."

அக்கா சாக்கைப் பிழிந்துகொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எனக்கு இன்னா சார் தெரியும்? நான் பாட்டில் கழுவுறவ."

"மூணு வாரம்," என்றார் அவர். மூன்று மாதக் கணக்கு தெரிந்த பானுமதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

எல்லாவற்றையும் இப்போதே எடுத்துப் போகச் சொன்னார் செல்வராஜ். ரிசார்ட் பெண்கள் ஒருத்தியும் பாட்டில் பெட்டிகளைத் தொடவில்லை. டிரைவரும் போன் பேசுவதுபோல் நழுவிவிட்டான். பாலசுப்ரமணியன் தானே ஒவ்வொரு பெட்டியாகச் சுமந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் நுரை. அக்கா படியில் கால் நீட்டி உட்கார்ந்து, கடைசிப் பெட்டி ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பஸ் போய்விட்டது என்றேன், அவள் அசையவே இல்லை.

திரும்பி வரும்போது கேட்டேன்: "வயசான மனுஷன். பாவமா இல்லையாக்கா?"

"இன்னாத்துக்குப் பாவம்?" என்றாள். "இன்னும் நாலு பொட்டி இருந்திருக்கலாம்."