மஞ்சள் தடவிய கருப்பு அட்டை

பூவை அழுத்திக் காயவைக்கப் பத்து நாளாகும். இந்தப் பத்து நாள்தான் என்னைக் கெடுத்தது.

அப்போது பழனிசெட்டிபட்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். பொங்கலுக்கு நாலு வாழ்த்து அட்டையாவது வராவிட்டால், என்ன வீடு இது என்று நினைத்த காலம். கடை அட்டைகளில் ஒரே கரும்பு, ஒரே பானை, ஒரே மாடு. எனக்கு அவற்றைப் பிடிக்காது. நிஜப் பூவைக் காயவைத்து அட்டையில் ஒட்டி, நானே செய்து உறவுக்காரர்களுக்கு அனுப்புவேன். தேனியில் ஒரு ஃபேன்சி கடைக்காரரும் வருடாவருடம் கேட்டு வாங்கிக்கொள்வார். என் கைவேலை சுத்தம் என்று தெருவில் பெயர். வாய் அப்படியில்லை என்றும் பெயர் உண்டு.

எனக்கு ஒரே அக்கா. வருசநாட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். என் மகனுக்குக் காது குத்தியபோது, என் கணவர் வேலை மும்முரத்தில் வருசநாட்டுக்கு நேரில் போகாமல் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டார். எங்கள் பக்கம் இது சின்ன விஷயமில்லை. வெற்றிலை பாக்கோடு வந்து நேரில் அழைக்காவிட்டால் கூடப்பிறந்தவள் வீட்டு விசேஷத்துக்கும் போகமாட்டார்கள். அவர்களும் வரவில்லை. அழைக்கவில்லை என்று அவர்களுக்குக் கோபம், வரவில்லை என்று எனக்குக் கோபம். பிறகு ஒருநாள் தேனி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். உன் வீட்டுக்காரருக்குப் பல்லக்கு அனுப்பியிருக்க வேண்டுமோ என்று நாலு பேர் கேட்கச் சத்தமாகக் கேட்டேன். அதோடு நாலு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

கார்த்திகை கடைசியில், வருசநாட்டிலிருந்து காய்கறி ஏற்றிவந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி என்னைச் சந்தையில் பார்த்துவிட்டுச் சொன்னாள். மச்சானுக்கு ஈரல் கெட்டுவிட்டதாம். மதுரை டாக்டர் கைவிரித்துவிட்டாராம். வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள், தை பிறக்கிறவரை இருந்தால் அதிசயம் என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். நான் முருங்கைக்காயும் தக்காளியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எந்த முகத்தோடு போய் நிற்பது என்பதுதான் என் யோசனை. சாவு வீட்டை எங்கள் பக்கம் கேதம் என்பார்கள். சண்டைக்காரர்கள்கூடக் கேதத்துக்குப் போகலாம், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதற்கும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். நான் வேறு வழி கண்டுபிடித்தேன்.

கல்யாணத்துக்கு முன் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளியில் ஓவிய டீச்சராக இருந்தேன். தலைமையாசிரியை கேரளத்துக்காரர். அவருக்குத் தெரிந்த யாராவது இறந்துபோனால், கருநிறத்தில் பூ வைத்த ஓர் அனுதாப அட்டை அனுப்புவார். இரண்டு மூன்று அட்டைகளை நான்தான் செய்து கொடுத்திருக்கிறேன். இரண்டு வரி எழுதி உறையில் போட்டால் துக்கம் விசாரித்தாகிவிடும், யாருக்கும் எதிரில் நிற்க வேண்டாம். அந்த வசதி அப்போது ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் சேதி வந்த பிறகு பூப் பறித்தால் பத்து நாள் ஓடிவிடும். முன்கூட்டியே தயார் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மச்சான் அப்போது வருசநாட்டில் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்திருப்பார். நான் அவருக்காகப் பூப் பறிக்கக் கிளம்பிவிட்டேன்.

வேலையென்று வந்துவிட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். அதுவும் ஒரு வியாதிதான். கோழிக்கொண்டைப் பூவை பிளேடால் மெல்லிசாகச் சீவினேன், முழுசாக வைத்தால் பூசணம் பிடிக்கும். சங்குப்பூ காயக் காய நீலம் கறுத்துக்கொண்டே போகும். கருஞ்சிவப்பு ரோஜா இதழைக் கொஞ்சம் ஈரத்தோடு அழுத்தினால் முழுக் கறுப்பாகும், மற்ற சமயம் அதைக் கெட்டுப்போனது என்று தூக்கிப்போடுவேன். இப்போது அதுதான் வேண்டியிருந்தது. கம்பம் ரோட்டுத் தோட்டம் ஒன்றில் திராட்சைக் கொடியின் சுருள் கம்பிகளைக் கேட்டு வாங்கிவந்தேன். எல்லாவற்றையும் பழைய டெலிபோன் டைரக்டரியின் பக்கங்களுக்கு நடுவில் பரப்பி, மேலே குழவிக்கல்லை ஏற்றினேன். தினமும் மத்தியானம் கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில் பிரித்துப் பார்ப்பேன். இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். யாருடைய இரண்டு நாளை அப்படி எண்ணுகிறேன் என்பது ஒருமுறை சட்டென்று உறைத்தது. ஆனாலும் கல்லை எடுத்துத் திரும்ப மேலே வைத்தேன்.

பின்னணி நிறத்துக்கு பன்னீர் திராட்சையின் தோலைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்தேன். ஒரு பொட்டுச் சுண்ணாம்பு கலந்தால் அந்த ஊதா செத்து, மழை இருட்டிக்கொண்டு வருகிற நிறம் வரும். அதைத் தாளில் இரண்டு பூச்சுப் பூசிக் காயவைத்தேன். முள்வாங்கியால் ஒவ்வோர் இதழாக எடுத்து ஒட்டினேன். நடுவில் கோழிக்கொண்டை, சுற்றிலும் கறுத்த ரோஜா, ஓரத்தில் சங்குப்பூ, கீழே இறங்குகிற கொடிச் சுருள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் செய்த அட்டைகளிலேயே அதுதான் அழகு. வெள்ளி மை அந்தப் பூச்சில் நிற்கிறதா என்று பார்க்கிற சாக்கில் உள்ளே எழுதியும்விட்டேன். 'மச்சானை இழந்து நிற்கும் அக்காவுக்கு' என்று தொடங்கி நாலு வரி. எழுதும்போது அழுதேன். உண்மையாகவே அழுதேன், முந்தானை நனைகிற அளவுக்கு. உறையில் போட்டு, ஒட்டி, வருசநாட்டு முகவரியையும் எழுதினேன்.

அதை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த சங்கடம். சாமி அலமாரிப் பக்கம் வைக்க முடியாது. பீரோவில் மகன் துணிகளுக்கு நடுவே வைக்க மனம் வரவில்லை. பொங்கல் அட்டைகள் உறையிட்டுத் தயாராக மேசைமேல் இருந்தன. அந்தக் கட்டுக்கு அடியில் செருகினேன். உறைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்தால் மேசை காலியாக இருந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது மொத்தத்தையும் பெட்டியில் போட்டுவிட்டதாகக் கணவர் சொன்னார். காதுகுத்துச் சமாச்சாரத்துக்குப் பிறகு அவர் இந்த விஷயங்களில் ரொம்பக் கவனம். எல்லா உறைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறார். அக்கா முகவரியைப் பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்துபோய்விட்டதாம்.

"நீயே சமாதானத்துக்கு எறங்கி வந்துட்ட, நல்லதுதான். அந்தக் கவருக்கு மட்டும் ரெண்டு மடங்கு மஞ்சள் வச்சேன்."

நல்ல சேதிக்குத்தான் எங்கள் ஊரில் மஞ்சள் வைப்பார்கள். சாவுச் சேதிக்குக் கறுப்பு மை.

மறுநாள் காலை தபாலாபீஸ் திறக்கும்போதே போய் நின்றேன். பை நேற்றே போய்விட்டது, போட்ட கடிதத்தைத் திருப்பிக் கேட்க எழுதிக் கொடுத்தாலும் அதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடும் என்றார்கள். அங்கிருந்து நேராகத் தேனிக்குப் போய் வருசநாட்டு பஸ்ஸில் ஏறினேன். தபால்காரருக்கு முன்னால் நான் அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மச்சானின் கையில் அந்த அட்டை கிடைக்கக் கூடாது, அக்கா கண்ணில் படக் கூடாது.

டிரைவர் பக்கத்தில், எஞ்சின் பெட்டியை ஒட்டி, அரக்கு முத்திரை வைத்த கேன்வாஸ் பை ஒன்று கிடந்தது. தபால் பை. முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கும் அதற்கும் நாலடி தூரம். கண்டமனூர் தாண்டி, கடமலைக்குண்டு தாண்டி, இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர வர, அந்தப் பையும் நானும் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தோம். பள்ளத்தில் பஸ் குலுங்கியபோது பை என் காலருகே நகர்ந்து வந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

வருசநாட்டில் கண்டக்டர் அதை இறக்கித் தபாலாபீஸ் ஆளிடம் கொடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தேன். அக்கா வீட்டு முற்றத்தில் மச்சான் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தார். வயிறு வீங்கி, கைகால் குச்சியாகி, கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அக்கா வாசலுக்கு வந்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாடி?"

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லை என்றதும் தங்கச்சி ஓடி வந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. நான் வாசலைவிட்டு நகராமல் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆனால் சண்டை தீர்ந்தது என்பதற்கு எங்கள் பக்கம் ஒரே அடையாளம்தான், அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். மறுத்தால் இன்னும் மனதில் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அக்கா இலை போட்டுக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன். அவள் முகம் மாறியது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அவரைக்காய்க் குழம்பை ஊற்றி, நாலு வருடத்துச் சோற்றையும் ஒரேயடியாக வைக்கிறவள் மாதிரி வைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வாய் வைத்திருப்பேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டது. தபால் என்ற குரலும் கேட்டது. எழப் பார்த்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"சோத்துல கைய வச்சுட்டு எந்திரிக்காத. அங்கன அவுக இருக்காக, வாங்கிக்கிடுவாக."

இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தேன். என்ன தின்றேன் என்று தெரியாது.

கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது அட்டை அவர் மடியில் திறந்திருந்தது. உறை கட்டிலின்மேல் கிடந்தது, நாலு மூலையிலும் மஞ்சள். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் கோழிக்கொண்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பேசியபோது குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"காதுகுத்துக்குத்தான் தபால்ல அனுப்புனீக. இதையுமா தாயி?"

என் வாய் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒட்டிக்கொண்டது. அவர் காலைப் பிடித்தேன். விடு விடு என்று காலை இழுத்துக்கொண்டார். டாக்டர் சொன்னதைத்தானே நீயும் எழுதியிருக்கிறாய், அதற்காக அழக் கூடாது என்றார். அட்டையைக் கொடுங்கள், அடுப்பில் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். கொடுக்கவில்லை. தன்னைப் பற்றி எழுதி வந்த காகிதம் இது ஒன்றுதான், இருக்கட்டும் என்று தலையணை உறைக்குள் செருகிக்கொண்டார்.

"நான் போனா நீ நேர்ல வரணும். அவ இத மட்டும் பாத்துறக் கூடாது."

அக்கா மோரோடு வந்து, யார் கடுதாசி என்று கேட்டாள். உன் தங்கச்சி போட்ட பொங்கல் வாழ்த்து, ஆளும் வந்துவிட்டாள், வாழ்த்தும் வந்துவிட்டது என்றார் மச்சான். அக்கா உறையின் மஞ்சளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வாராவாரம் போனேன். தை பிறந்தது, மச்சான் இருந்தார், ஒரு வாய் பொங்கல் சாப்பிட்டார். நான் எல்லோருக்கும் நல்ல தங்கச்சி ஆகிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கண் அந்தத் தலையணைக்குத்தான் போகும். ஒருநாள் அவர் அசந்திருந்தபோது உறைக்குள் கை விட்டேன். அட்டையின் முனை விரலில் பட்டது. அவர் கண் திறந்து, கிடக்கட்டும் என்றார். அக்கா என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், ஊருக்குத் திரும்பும்போது பையில் அவரைக்காய் நிரப்பினாள். அவள் எவ்வளவு பிரியமாக இருந்தாளோ, அவ்வளவுக்கு எனக்குப் பயமாக இருந்தது.

மாசியில் ஒரு காலை, எதிர் வீட்டு ஃபோனில் சேதி வந்தது. முதல் பஸ்ஸில் போய்விட்டேன். மச்சான் கேட்டபடி நேரில்தான் போனேன். முற்றத்தில் பெண்கள் கூடி, தோளில் தோள் சாய்த்து அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு வழிவிட்டார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டி இழுத்து, என் காதோடு காதாக, அந்த அழுகைச் சத்தத்துக்கு அடியில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மஞ்சக் கவரு வந்த அன்னைக்கே தலகாணிய ஒதறயில படிச்சுட்டேன்டி. அவுகளுக்குத்தான் மார்கழியிலயே அழுது முடிச்சுட்டியே. இப்ப எனக்காகவாச்சும் அழு."

அழப் பார்த்தேன். வரவில்லை. அக்கா கையை எடுக்கவில்லை, அவள் தோளில் என் முகத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். சுற்றியிருந்தவர்கள் நான் அழுவதாகவே நினைத்துக்கொண்டார்கள்.